கிழிய வேண்டிய சட்டைக்கை

உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் அதை ஒரு நாளைக்கு நாலு முறையாவது சொல்லிவிடுகிறார். முப்பத்தொரு வருடம் தையல் மெஷின் மிதித்த கால் இது. ரிட்டயர் ஆகிவிட்டோம் என்று அதற்கு யார் போய்ச் சொல்வது? சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அது பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருக்கிறது. ஜெபமாலை சொல்லும்போதுகூட விடுவதில்லை. மாதாவே மன்னித்தால்தான் உண்டு.

போன வாரம் ரேகா போன் செய்தாள். நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் வேலை பார்த்த மகளிர் தையல் சங்கத்தில் இப்போது கட்டிங்கும் தையலும் பார்ப்பவள் அவள்தான். சுற்றுவட்டாரத்துப் பட்டறைகளுக்கும் கம்பெனிகளுக்கும் வேலைச்சட்டை தைத்துக் கொடுப்பது சங்கத்தின் பிழைப்பு.

"அக்கா, காட்டன் நூல் வர்றதுக்கு லேட் ஆகும்ங்கறாங்க. இந்த லாட்டுக்கு மட்டும் சட்டைக்கைக்கு பாலியஸ்டர் நூல் போட்டுடவா? இழுத்துப் பார்த்தேன், செம ஸ்ட்ராங்கா இருக்குதுக்கா" என்றாள்.

ஸ்ட்ராங் என்ற சொல்லைக் கேட்டதும் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. "நான் நேர்ல வர்றேன். அதுவரைக்கும் ஒரு சட்டைக்கும் கை மூட்டாதே" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அவளிடம் சொல்ல வேண்டியதை யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாயால் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதனால் முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

நான் தொழில் கற்ற கதையைச் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணமாகிக் குவார்ட்டர்ஸுக்கு வந்த இரண்டாம் வருடம் சங்கத்தில் சேர்ந்தேன். ஆறு மாதம் பட்டன் வைத்தேன், ஆறு மாதம் காலர் திருப்பினேன், அப்புறம் மெஷினில் உட்கார வைத்தார்கள். மிச்சத்தைக் கற்றுக்கொடுத்தவர் ரங்கநாதன் மாஸ்டர்.

பதினெட்டுப் பெண்கள் இருந்த சங்கத்தில் அவர் ஒருவர்தான் ஆண். கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ மில்லில் இருந்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். பத்தொன்பது வயதுப் பெண்ணையும் அம்மா போட்டு, ங்க போட்டுத்தான் கூப்பிடுவார். திட்டுகிறவரைத் திருப்பித் திட்டிவிடலாம். மரியாதை கொடுத்தே கொல்கிறவரை என்ன செய்வது?

"ஜெசிந்தாம்மா, இந்தச் சட்டைய கொஞ்சம் இழுத்துப் பாப்போமாங்க?"

இதைக் கேட்டாலே எங்கள் மெஷின் எல்லாம் நின்றுவிடும். கூரைக் கொக்கியில் ஒரு ஸ்பிரிங் தராசு தொங்கும். காடாம்புலியூர் முந்திரி வியாபாரி ஒருவரிடம் பழையதாக வாங்கியது. பத்துச் சட்டைக்கு ஒரு சட்டையை உருவி எடுப்பார். எதை எடுப்பார் என்று யாராலும் ஊகிக்க முடியாது. இஸ்திரிக்கு வைத்திருக்கும் கிண்ணத்திலிருந்து தண்ணீர் எடுத்துத் தோள் தையல் மேல் தெளிப்பார். மணிக்கட்டுப் பட்டியைத் தராசுக் கொக்கியில் மாட்டி, சட்டையின் உடம்பை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் கீழே இழுப்பார். தராசின் முகத்தில் யாரோ ஒரு பெண்ணின் நகப்பாலிஷ் வாங்கிச் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். முள் அந்தக் கோட்டுக்கு வருவதற்குள் தோள் தையல் பிரிந்து கை தனியாக வந்துவிட வேண்டும். வந்தால், "சரிங்கம்மா, திருப்பி மூட்டிடுங்க" என்பார். வராமல் முள் கோட்டைத் தாண்டினால் பத்துச் சட்டைக் கையையும் பிரிக்க வேண்டும்.

ஊரில் எல்லா மாஸ்டருக்கும் தையல் கிழிந்தால் கோபம் வரும். எங்கள் மாஸ்டருக்குக் கிழியாவிட்டால் கோபம் வரும். புதிதாக வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் சிரிக்க விட்டுவிட்டு ஒரே ஒரு தடவை காரணம் சொல்வார். "சுத்தற மெஷின் சட்டைக்கையப் புடிச்சிதுன்னா, சட்டைக்கை மட்டும் போகணும்ங்க. நம்ம நூல் விட்டுக் குடுக்கலைன்னா ஆளையும் சேத்து இழுத்துக்கும்." அதனால் உடம்புக்கு எந்த நூலானாலும் சரி, தோளுக்கு மட்டும் காட்டன் நூல், ஒற்றைத் தையல். அதுதான் சட்டம்.

நன்றாகப் புரிந்திருந்தும் அந்தச் சட்டத்தை நான் மீறினேன்.

செல்வம் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வந்தவன். டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு தனியார் லேத் பட்டறையில் வேலை. அப்போது அவனுக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். ஒரு நாள் மத்தியானம், மாஸ்டர் சாப்பிடப் போயிருந்த நேரம், தோளில் பிரிந்த சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, மூணாவது வாட்டி பிரிஞ்சிட்டுது. கூட வேலை செய்யறவனுங்க எல்லாம் சிரிக்கிறானுங்க, பொம்பளைங்க தெச்சா இப்டித்தான்னு. நல்லா ஸ்ட்ராங்கா தெச்சிக் குடுங்கக்கா."

எனக்குச் சுருக்கென்று வந்தது. என் தையலையா சிரிக்கிறார்கள்? பை தைப்பதற்கு வைத்திருந்த நைலான் நூலைப் போட்டு, ஒன்றுக்கு இரண்டாகத் தையல் ஓட்டி, முனையில் மூன்று முறை முன்னும் பின்னும் அடித்தேன். "இனிமே யானை இழுத்தாலும் பிரியாது, போ" என்று நீட்டினேன். அவன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனான். எனக்கும் அன்று முழுக்கப் பெருமைதான்.

இரண்டு வாரம் கூட ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்த லேத், மணிக்கட்டுப் பட்டியைப் பிடித்துவிட்டது. துணி கிழிந்திருக்கிறது, தோள் தையல் விடவில்லை. ஆள் பிழைத்தான். இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

சேதி சங்கத்துக்கு வந்து மூன்றாம் நாள் மாஸ்டர் என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். "அந்தத் தம்பி சட்டைக்குக் கை மூட்டினது நீங்கதானுங்களே. என்ன நூலும்மா போட்டீங்க?" என்று கேட்டார்.

"காட்டன்தான் மாஸ்டர்" என்றேன். கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"சரிங்கம்மா" என்று போய்விட்டார்.

அதன் பிறகு அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. காலையில் நாங்கள் வருவதற்கு முன்பே வந்து, என் மெஷின் மேல் ஒரு காட்டன் நூல் கண்டை எடுத்து வைத்திருப்பார். வேறு யார் மெஷினிலும் வைக்க மாட்டார். வயசாகிறது, ஏதோ வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ரிட்டயர் ஆகும்வரை ஆறு வருடம் ஒரு நாள்கூட அது தவறவில்லை. போகும்போது ஸ்பிரிங் தராசைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சங்கத்துக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார்கள். பழையதில் நான் வீட்டில் பலாப்பழம் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

செல்வம் கண்ணில் படாமலே காலம் தள்ளினேன். வடலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான் என்று தெரியும். வடலூருக்குப் போனால் எதிர்ப்பக்கமாகவே நடந்துவிடுவேன். ஜோதி பார்க்கச் சபைக்குப் போகிற கூட்டத்தில் கலந்து அந்த இடத்தைத் தாண்டியதும் உண்டு, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவச்சி!

இப்படிப் பதினைந்து வருடம் போனது. நான் ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போது தேன்மொழி மேடம் சங்கத்துக்கு வந்தார். ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், சாயங்காலம் நாடகக் குழு நடத்துபவர். பேசும்போது நிற்க மாட்டார். அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே பேசுவார். அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது.

நாடகத்துக்குப் பெயர் 'நாலாவது ஸ்பீக்கர்'. குவார்ட்டர்ஸ் ஸ்கூட்டர் ஷெட்டில் நாலு பையன்கள் ராக் பேண்ட் ஆரம்பிக்கிறார்கள். ஒவ்வொருவனாக வேலை கிடைத்துப் போய்விட, கடைசிப் பாட்டைப் பாடகன் மட்டும் தனியாக நின்று பாடுகிறான். கதை அவ்வளவுதான். மேடம் போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். தோல் சட்டை, சங்கிலி, முட்டி தெரியும் பேன்ட்.

"கிழிஞ்ச பேன்ட்டுக்கு எதுக்கு மேடம் தையல்காரி?" என்றேன்.

"கிழிக்கத் தெரிஞ்ச தையல்காரிதான் அக்கா வேணும். மூட்டுனவங்களுக்குத்தானே எங்க கிழிச்சா அழகா இருக்கும்னு தெரியும்" என்றார். இதைச் சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் நடந்துவிட்டார். எனக்குத்தான் வேர்த்தது.

தோலுக்கு எங்கே போவது? வடலூரில் வண்டி சீட்டு தைப்பவரிடம் கறுப்பு ரெக்சின் வாங்கினோம். ரெக்சினில் நெருக்கமாகத் தைத்தால் ஊசி ஓட்டை வரிசையாக விழுந்து தபால்தலை மாதிரி கிழிந்துவிடும். தையலைப் பெரிதாக வைக்க வேண்டும். மெஷினின் பாதம் அதில் ஒட்டிக்கொண்டு நகராது. தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்ததும் நகர்ந்தது. வேலைச்சட்டைக்கு வைக்கிற டிச் பட்டனைத் தோள் முழுக்க அடித்தேன், படத்தில் இருந்த ஆணி மாதிரியே மின்னியது. மேடைத் திரையும் கறுப்பு, உடையும் கறுப்பு. ஒத்திகையில் தூரத்திலிருந்து பார்த்தால் மூன்று தலை மட்டும் மிதந்தது. பாதுகாப்பு ஜாக்கெட்டுக்கு வைக்கிற வெள்ளிப் பட்டையை ஓரமெல்லாம் வைத்துத் தைத்த பிறகுதான் ஆளுக்கு உடம்பு வந்தது. டிரம்ஸ் அடிக்கிற பையனுக்கு நான் எழுந்து நிற்கிற அளவில் பேன்ட் தைத்துவிட்டேன். பாவம், உட்கார்ந்து காலை விரித்து முதல் அடி அடித்ததுமே பின்பக்கம் பிளந்தது. சைக்கிள் சீட்டில் உட்கார வைத்துத் திருப்பி அளவெடுத்து, தொடைக்கு நடுவே ஒட்டுத்துண்டு வைத்தேன். இந்த வயதில் எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

பாடகனுக்கு மட்டும் அளவெடுக்கவில்லை. "அவர் வெளியாளு, நாளைக்கு வருவார்" என்றார் மேடம்.

மறுநாள் வந்து நின்றவன் செல்வம்.

முன்தலை நரைத்திருந்தது. முழுக்கைச் சட்டை, இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள். கல்யாணக் கச்சேரிகளில் பாடுகிறானாம். எப்போதும் கீபோர்டுக்குப் பின்னால் நின்றுதான் பாடுவானாம். குரலை ஏதோ ஒரு கல்யாணத்தில் கேட்டு, பாடுகிற ஆளைத் தேடிப் பந்தலுக்குள் நுழைந்து பிடித்து வந்திருக்கிறார் மேடம். கை தெரியக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டிருக்கிறான்.

"நல்லா இருக்கீங்களாக்கா?" என்றான்.

"இருக்கேன் தம்பி" என்றேன். மார்பு, தோள், வலது கை எல்லாம் எடுத்துவிட்டு டேப்பைச் சுருட்டினேன்.

"இடது கைக்கும் அளவு எடுங்க, வுட்டுடாதீங்க" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் நைலான் ஓட்டிய அதே தோளிலிருந்து டேப்பை இறக்கினேன். முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடையில் டேப் அந்தரத்தில் நின்றது. அளவை வாயால் சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கையை மறைப்பதற்கு ஒரு வழி செய்தோம். சட்டைக்கைக்குள் பஞ்சு அடைத்து, முனையில் கறுப்புக் கையுறை வைத்து, அதை இடுப்பு பெல்ட்டில் மாட்டிவிட்டேன். நிற்கும்போது குறை தெரியவில்லை. பாட்டு சூடு பிடித்து அவன் சட்டென்று திரும்பியபோது பஞ்சுக் கை சுழன்று, உள்ளங்கை முதுகுப் பக்கம் பார்த்து நின்றது. கிட்டார் வைத்திருந்த பையன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். செல்வம் பாட்டை நிறுத்தினான். ஜாக்கெட்டைக் கழற்றி, ஒற்றைக் கையாலேயே அழகாக மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

நாடகத்துக்கு எட்டு நாள் இருந்தது. போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. "நீங்க போய்ப் பேசுங்கக்கா, உங்க மேல அவருக்கு ஒரு மரியாதை இருக்கு" என்றார் மேடம். மரியாதையாம்!

போனேன். வடலூரில் முதல் தடவையாக அந்தக் கடையின் பக்கமாகவே நடந்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகு அவன் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று பஸ்ஸில் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான்.

"ரெண்டு நாளா யோசிச்சிக்கினு இருக்கேன்க்கா. எம்மா நாளைக்கு மறைக்கிறது? ஆனா ஜனங்களா பாத்து உச்சு கொட்டக் கூடாது. நானா காட்டணும். கடைசிப் பாட்டுல இந்தக் கைய நானே புடிச்சிக் கிழிச்சி எறியறேன். அந்தப் பாட்டே அப்டித்தான் இருக்குது, எல்லாரும் போய்ட்டானுங்க, எங்கிட்ட இருக்கறது இவ்ளோதான்னு." வலது கையால் இடது தோளைப் பிடித்து இழுத்துக் காட்டினான். "ஆனா ஒரே இழுப்பு. ரெண்டாவது இழுப்பு இழுத்தன்னா, ஒத்தக் கைக்காரன் சட்டை கழட்ட முடியாம அல்லாடறான்னு ஜனம் சிரிச்சிடும். அதுக்கப்புறம் நான் வெளிய தலை காட்ட மாட்டேன். ஒரே இழுப்புல வருமாக்கா?"

ஊரில் எத்தனையோ தையல்காரர்கள் இருக்க, இதை என்னிடம் கேட்கிறான். "வரும்" என்றேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

பெல்ட் மாட்டலை எடுத்துவிட்டு, தோளில் முதலில் ஒட்டுகிற டேப் வைத்துப் பார்த்தேன். பிரியும்போது பரக்கென்று ஒரு சத்தம், மைக்கில் ஏறி அசிங்கமாகக் கேட்டது. அரிசி மூட்டை வாயில் இருக்குமே, ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வருகிற தையல், அதை வைத்தேன். "மூட்டை பிரிக்கிற மாரி இருக்குதுக்கா, கோவமே வரல" என்றான் செல்வம். அவன் சொன்னதும் சரிதான். கடைசியில் காட்டன் நூலுக்கே வந்தேன். கையாலேயே பெரிய பெரிய தையலாக ஓட்டினேன். இழுத்தால் பட்பட்டென்று ஒவ்வொன்றாக அறுந்து சட்டைக்கை கையோடு வந்தது. மூன்று ஒத்திகையிலும் ஒரே இழுப்பு. மேடம் கைதட்டினார். கிட்டார் பையன் வந்து செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டான்.

நாடகத்துக்கு முந்தின நாள், முழு உடையோடு, முழு விளக்கோடு ஒத்திகை. ஒரு மணி நேரம் ரெக்சினுக்குள் குதித்துப் பாடினான். கடைசிப் பாட்டு வந்தது. தோளைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. திரும்ப இழுத்தான். மூன்றாவது இழுப்பில் பாதி பிரிந்து தொங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. செல்வம் தலையைக் குனிந்துகொண்டு, "பரவால்லக்கா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான். அன்று நான் அந்த ஜாக்கெட்டை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். மறுபடியும் என் தையல், மறுபடியும் அதே தோள், மறுபடியும் விடவில்லை.

அழுது முடித்துத் தொட்டுப் பார்த்தபோது தோள் சொதசொதவென்று இருந்தது. வேர்வை. ரெக்சின் காற்றை விடாது, வேர்வை எல்லாம் நூலில்தான் இறங்கும். நனைந்த காட்டன் நூல் காய்ந்த நூலைவிட இறுகும், லேசில் அறாது. மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தெளித்துவிட்டு இழுத்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. இஸ்திரி போட்டுப் போட்டு வந்த பழக்கம் என்று முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் நிற்கிறவனுக்கு வேர்க்காதா? என் மண்டையில் நானே அடித்துக்கொண்டேன்.

விடிந்ததும் ஸ்பிரிங் தராசைத் தூக்கிக்கொண்டு வடலூர் கடைக்குப் போனேன். ஷட்டரின் கம்பியில் மாட்டி, "இழு" என்றேன். செல்வம் வலது கையால் குறுக்கே இழுத்தான். முள் நின்ற இடத்தில், மாஸ்டரின் சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, பேனாவால் ஒரு கோடு போட்டேன். "இன்னாக்கா, பலாப்பழமா நானு?" என்று சிரித்தான். சங்கத்துக்கு வந்து, நூலை உப்புத் தண்ணீரில் நனைத்து, ஓட்டி, மாட்டி, இழுத்தேன். தாண்டியது. தையலைக் குறைத்தேன். தாண்டியது. இன்னும் குறைத்தேன். இப்போது கோட்டுக்கு முன்பே அறுந்தது. ஆனால் குதிக்கும்போது தானாக வந்துவிட்டால்? ஜாக்கெட்டை நானே போட்டுக்கொண்டு சங்கத்துக் கூடத்தில் குதித்தேன். ஐம்பத்தாறு வயதுப் பொம்பளை ரெக்சின் ஜாக்கெட்டில் குதிப்பதைப் பார்த்து ரேகா மூச்சுத் திணறச் சிரித்தாள். மூன்று மணி வரை நனைத்து இழுத்தேன். கிண்ணத்துத் தண்ணீர் தீர்ந்து இரண்டு தடவை நிரப்பினேன்.

சாயங்காலம் கூட்டம் நிரம்பிவிட்டது. டவுன்ஷிப்பின் எல்லா வட்டத்திலிருந்தும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன், உட்காரவில்லை. கடைசிப் பாட்டு. மற்ற மூன்று பேரும் ஒவ்வொருவராக வாத்தியத்தை வைத்துவிட்டுப் போனார்கள். செல்வம் மைக்கை ஸ்டாண்டில் செருகினான். வலது கையை இடது தோளில் வைத்தான். நான் தராசு முள்ளையே நினைத்தேன்.

ஒரே இழுப்பு.

பட்பட்பட்டென்று ஸ்பீக்கர் வழியாக எல்லாத் தையலும் அறுகிற சத்தம் கேட்டது. சட்டைக்கையைத் தலைக்கு மேலே சுழற்றி எறிந்தான். அது பக்கத் திரையைத் தாண்டி என் காலடியில் விழுந்தது. குறையாக நின்ற கையை விளக்குக்கு நேரே தூக்கிக்கொண்டு அவன் பாடினான். பாட்டின் இரண்டாவது வரியில் பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள், அப்புறம் கொட்டகையே எழுந்துவிட்டது. நான் அந்தச் சட்டைக்கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன் என்று சொல்ல முடியாது. அன்றைக்கும் இப்படி வந்திருக்கலாமே என்றுதான் அழுகை வந்தது.

ஒப்பனை அறையில் அவன் சோடா குடித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் போட்டோவுக்குப் போயிருந்தார்கள். நான் சட்டைக்கையை அவன் மடியில் வைத்தேன்.

"செல்வம், அன்னைக்கு உன் சட்டைக்கு நான் போட்டது நைலான் நூல். ரெட்டைத் தையல். மாஸ்டர் கேட்டதுக்கு காட்டன்னு பொய் சொல்லிட்டேன்."

அவன் சோடா பாட்டிலைக் கீழே வைத்தான்.

"தெரியும்க்கா."

"என்னா தெரியும்?"

"ஆஸ்பத்திரிக்கு மறுநாளே மாஸ்டரு வந்தாரு. அந்தக் கிழிஞ்ச சட்டைய எங்கம்மா பையில போட்டு வெச்சிருந்தாங்க. தோள்லேர்ந்து ஒரு நூல உருவி, வராண்டாவுல நின்னு தீக்குச்சி கொளுத்திக் காட்டுனாரு. நான் ஜன்னல் வழியா பாத்துக்கினு இருந்தேன். காட்டன் மாரி சாம்பலாவல. உருகி மணி மாரி உருண்டுச்சி. உள்ள வந்து, யாரு தம்பி போட்டாங்கன்னாரு. நான்தான் சார் ஸ்ட்ராங்கா தெக்கச் சொல்லிக் கேட்டேன், அக்கா மேல தப்பு இல்லன்னேன். அவுங்களே வந்து சொல்லுவாங்க தம்பி, நீங்க யார்கிட்டயும் சொல்லிக்காதீங்கன்னுட்டுப் போனாரு." செல்வம் சட்டைக்கையைத் தடவிக்கொண்டிருந்தான். "நீங்க வருவீங்க, நான்தானக்கா கேட்டேன்னு சொல்லிடலாம்னு நானும் இருந்தேன். நீங்க எதிர்ப்பக்கமாவே போய்க்கினு இருந்தீங்க."

அவன் காலடியிலேயே உட்கார்ந்தேன். தெரிந்துகொண்ட பிறகுதான் மாஸ்டர் என்னிடம் வந்து என்ன நூல் என்று கேட்டிருக்கிறார். நான் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, சரிங்கம்மா என்று போயிருக்கிறார். அதற்குப் பிறகு ஆறு வருடம், காலை தவறாமல், என் மெஷின் மேல் ஒரு காட்டன் நூல் கண்டு.

அது மன்னிப்பா, தண்டனையா, நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்ததா? கேட்பதற்கு மாஸ்டர் இல்லை. நாடகத்துக்கு மூன்று வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் அடக்கத்துக்கு நான் போயிருந்தேன், மாலை போட்டேன், அப்போதும் சொல்லவில்லை. செல்வம் இப்போது அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கச்சேரியில் முன்னால் நின்று பாடுகிறான். நான் இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதுவரைக்கும் எழுதிவிட்டுத்தான் சங்கத்துக்குப் புறப்பட்டேன்; மிச்சத்தைத் திரும்பி வந்து எழுதுகிறேன். போகிற வழியில் ஒரு பெட்டி காட்டன் நூல் வாங்கினேன். ஒரு கண்டை ரேகா மெஷின் மேல் வைத்துவிட்டு மாஸ்டர் மாதிரி பேசாமல் திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பேசாமை எனக்கு என்ன செய்தது என்று எனக்குத்தான் தெரியும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இந்தத் தாள்களை முதலிலிருந்து கடைசி வரை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"இப்ப என்னாக்கா செய்யட்டும்?" என்றாள் ரேகா.

"காட்டன் போடு. நனைச்சிட்டு இழுத்துப் பாரு. கிழியலன்னா பிரிச்சித் திருப்பித் தெய்யி. எந்த நூலு போட்டேன்னு யாராவது கேட்டா, கேட்ட அன்னைக்கே உள்ளதச் சொல்லிடு."